வலி வரட்டும் என்று காத்திருக்கலாமா?

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு அரசியலில் தொடங்கினாலும் மழையில் தொடங்கினாலும் கடைசியில் சர்க்கரையில் வந்துதான் நிற்கும். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குக் காலை நடைக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "வெறும் வயித்துல 128, சாப்பிட்ட பொறவு 190" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்வார்கள். மூன்று மாதச் சராசரியும் மனப்பாடமாக இருக்கும். ரத்த அழுத்தமும் அப்படித்தான், மேல் எண், கீழ் எண் இரண்டும் நாக்கு நுனியில் நிற்கும்.

அதே ஆளிடம், "அண்ணாச்சி, ஒங்க கிரியாட்டினின் எவ்வளவு? சிறுநீர்ல புரதம் போவுதான்னு பாத்தீங்களா?" என்று கேளுங்கள். "எனக்குத்தான் அங்க ஒரு வலியும் இல்லையே, அதை எதுக்குப் பாக்கணும்?" என்பார்.

இந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். சிறுநீரகத்தில் கல் இருந்தால் வலிக்கும், ஆளைப் புரட்டிப் போடும். ஆனால் சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கெட்டுப் போகும் சிறுநீரகம் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. முதுகு வலித்தால் "கிட்னியா இருக்குமோ" என்று பயந்து ஓடுகிறோம், அது பெரும்பாலும் முதுகுத்தண்டின் வேலையாகவோ தசைப்பிடிப்பாகவோ இருக்கும். உண்மையில் கெட்டுக் கொண்டிருக்கும் சிறுநீரகம் சத்தமில்லாமல் கிடக்கும். ஆகவே அறிகுறி தெரிந்த பிறகு போகலாம் என்று இருப்பது, இந்த ஒரு நோய் விஷயத்தில் சரிப்படாது என்பது என் கட்சி.

நான் மருத்துவன் இல்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், துணை மின்நிலையங்களில் கழிந்த காலம்தான் அதிகம். பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்தில் கண்ணாடிக் குடுவை மாதிரி ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிரீதர் என்போம். அதற்குள் சிலிக்கா ஜெல் மணிகள் நீல நிறத்தில் இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அவை இளஞ்சிவப்பாக மாறிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் என்னவோ வழக்கம்போலத்தான் ஓடிக்கொண்டிருக்கும். சத்தத்தில் மாற்றம் இருக்காது, ஊருக்கு வெளிச்சமும் குறையாது. ஆனால் நிறம் மாறியதைப் பார்த்தவுடன் மணிகளை மாற்றுவோம். எண்ணெயையும் அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம். "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு எண்ணெய எடுக்கணும்?" என்று எந்த இன்ஜினியரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு நாள் டிரான்ஸ்ஃபார்மரே போயிருக்கும்.

நம் சிறுநீரகமும் இந்த ஜாதிதான். ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் மூடிய கை அளவு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் வேண்டியதையெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, வேண்டாததை ஒன்றரை, இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. தேவைக்கு மேல் நிறையவே திறன் உள்ள உறுப்பு. அதனால்தான் ஒரு சிறுநீரகத்தைப் பிள்ளைக்கோ தம்பிக்கோ கொடுத்துவிட்டு மற்றொன்றோடு பல்லாண்டு நலமாக வாழ முடிகிறது. இந்தத் தாராளமே நமக்கு வினையாகவும் ஆகிறது. பாதிக்கு மேல் வடிகட்டிகள் போன பிறகும் மீதி இருப்பவை இழுத்துப் பிடித்து வேலை பார்ப்பதால், வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

ஒன்றுமே தெரியாதா என்றால், கவனித்தால் சில தெரியும். எல்லாருக்கும் எல்லாமும் வராது. வந்தாலும் அது சிறுநீரகத்தால்தான் என்று நாமாக முடிவு கட்டவும் கூடாது. ஆனால் இவற்றில் ஒன்றைக் கண்டால், வயசாகிவிட்டது என்று தள்ளிவிடாமல் ஒரு சோதனை செய்து பார்ப்பது நல்லது.

முதலாவது நுரை. வேகமாகப் போகும்போது நாலு குமிழி வருவது எல்லாருக்கும் உள்ளதுதான். தண்ணீர் ஊற்றிய பிறகும் சோப்பு நுரை மாதிரி நின்றால், அதுவும் நாள்தோறும் நின்றால், புரதம் வெளியேறுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீர் தேநீர் நிறத்தில், இறைச்சி கழுவிய தண்ணீர் மாதிரிச் சிவந்து போனாலும் உடனே காட்ட வேண்டும்.

இரண்டாவது வீக்கம். காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி உப்பியிருப்பது, சாயங்காலமானால் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுவது. போன மாதம் சரியாக இருந்த செருப்பு இந்த மாதம் இறுக்குகிறது என்றால் செருப்புக்கடைக்காரரைக் குறை சொல்லும் முன் காலைப் பாருங்கள். இதயம், ஈரல், ரத்தக்குழாய், சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றாலும் கால் வீங்கும். எதனால் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

மூன்றாவது, இரவில் திரும்பத் திரும்ப எழுந்து போவது. ஆண்களுக்குப் புராஸ்டேட் காரணமாக இருக்கலாம், சர்க்கரை ஏறினாலும் அப்படி ஆகும். சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்கும் திறனை இழப்பதாலும் ஆகலாம்.

நான்காவது, அதுவரை சொன்னபடி கேட்ட ரத்த அழுத்தம் திடீரென்று அடங்க மறுப்பது. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் எண் இறங்கவில்லை என்றால் சிறுநீரகத்தைப் பார்க்காமல் விடக்கூடாது. ரத்த அழுத்தத்தால் சிறுநீரகம் கெடும், கெட்ட சிறுநீரகத்தால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறும்.

சோர்வு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, முகம் வெளுப்பது ஆகியவை அடுத்த கட்டத்தில் வருபவை. ரத்தச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்யச் சொல்லும் ஒரு ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்துதான் கிளம்புகிறது. அது குறைந்தால் ரத்தசோகை வரும். நாமோ இரும்புச்சத்து டானிக் வாங்கிக் குடித்துக் கொண்டிருப்போம். பசியின்மை, காலையில் குமட்டல், வாயில் ஒரு மாதிரி உலோகச் சுவை, தோலில் ஒன்றும் இல்லாமலே உடம்பெல்லாம் அரிப்பு, இவையெல்லாம் வந்துவிட்டால் நோய் வெகுதூரம் வந்துவிட்டது என்று பொருள். இவற்றை முன்னெச்சரிக்கை என்று சொல்வதற்கே எனக்கு மனம் வரவில்லை.

ஓர் அறிகுறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது நல்ல சேதி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

எங்கள் நடைக் கூட்டத்தில் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். பெயர் வேண்டாம். பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை, கடைசி ஐந்து வருஷம் இன்சுலின். ஒரு தை மாதம் மைதானத்தில் என்னைக் கண்டதும் கையைத் தட்டிக்கொண்டு, "இன்னைக்கு 92 அண்ணாச்சி! சீனி என்னைய விட்டே போயிட்டு!" என்றார். உணவில் மாற்றம் இல்லை, நடையும் முன்பைவிடக் குறைவுதான். முழங்கால் வலிக்காக மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக் கொண்டிருந்தார். இரண்டு மூன்று தடவை அதிகாலையில் வியர்த்து, கை நடுங்கி, அவர் வீட்டு ஆச்சி சீனித் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்திருக்கிறார்கள். இன்சுலின் அளவைக் குறைத்துக் கொண்டே வந்தார். எல்லாரும் அவரை வாழ்த்தினோம்.

உடம்பில் இன்சுலினைக் கரைத்து வெளியேற்றும் வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் போட்ட இன்சுலின் நீண்ட நேரம் ரத்தத்திலேயே நிற்கும். சர்க்கரை இறங்கும். பார்க்கிறவர்களுக்கு நோய் குணமாவது மாதிரித் தெரியும். அவர் கால் வீங்கி, சோறு இறங்காமல் ஆன பிறகு சோதித்தபோது கிரியாட்டினின் 6-ஐத் தாண்டியிருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் சர்க்கரைக்காக ரத்தம் கொடுத்த தடவைகளுக்குக் கணக்கில்லை. சிறுநீரில் புரதம் பார்க்கும்படி யாரும் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்றுகூட அவர் கோப்பில் இல்லை. இப்போது வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், டயாலிசிஸ் படுக்கையில் கழிகிறது. தண்ணீரையும் அளந்துதான் குடிக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் வருவதற்காகவே மகன் வேலையை மாற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான்.

ஆகவே எந்தக் காரணமும் இல்லாமல் சர்க்கரை குறைந்தால், இனிப்பு வாங்கும் முன் சிறுநீரகத்தைப் பாருங்கள்.

இனி சோதனைக்கு வருவோம். இரண்டே இரண்டு. ரத்தத்தில் கிரியாட்டினின் ஒன்று. சிறுநீரில் ஆல்புமின் மற்றொன்று. ஆல்புமின் என்பது ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம். வடிகட்டியில் ஓட்டை விழுந்தால்தான் அது சிறுநீருக்கு வரும்.

இந்த இரண்டாவது சோதனை ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1827-இல் லண்டனில் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கி வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் சிலருக்கு அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைந்தது. அவர்கள் இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் சிதைந்திருந்தது. வீக்கம், ஆல்புமின், கெட்ட சிறுநீரகம் என்ற மூன்றுக்கும் முடிச்சுப் போட்டவர் அவர். நெடுங்காலம் இந்த நோய்க்கே அவர் பெயர்தான் வழங்கியது. நம் சித்த மருத்துவத்திலும் எண்வகைத் தேர்வில் மூத்திரம் ஒன்று. தேரையர் பெயரால் நீர்க்குறி, நெய்க்குறி என்று தனி முறையே சொல்லப்படுகிறது. இன்று எண்ணெய்த் துளி விட்டு நோயை முடிவு செய்யச் சொல்லவில்லை. சிறுநீரைப் பார்ப்பதும் அதைப் பற்றிப் பேசுவதும் கேவலம் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை என்பதைச் சொல்கிறேன். சோதனைக்குப் போனால் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டுகிற நாம், சின்ன டப்பாவை நீட்டினால் மட்டும் நெளிகிறோம். நம் வீட்டுப் பெண்கள் பிள்ளையுண்டாகியிருந்த காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் ஆல்புமின் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? அதே சோதனைதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. சாதாரணப் பட்டைச் சோதனையில் "நில்" என்று வந்துவிட்டால் போதாது, சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் மிகச் சிறிய அளவில் கசியும் ஆல்புமின் அதில் அகப்படாமல் போகலாம். அதற்கு ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் என்று கேட்டு வாங்க வேண்டும். சோதனைக்கூடங்களில் மைக்ரோ ஆல்புமின் என்றும் சொல்வார்கள். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 300-ஐத் தாண்டினால் கசிவு பெரிது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இருந்தாலும் கூடிக் காட்டும். ஆகவே ஒரு தடவை கூடியிருந்தால் பதற வேண்டாம், மறுபடி பார்க்க வேண்டும்.

கிரியாட்டினின் விஷயத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு. அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னதிலிருந்து இன்னது வரை இயல்பு என்று அச்சிட்டிருப்பார்கள். நம் எண் அதற்குள் இருந்தால் அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறோம். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைவான உடம்பில் அது குறைவாகவே உண்டாகும். 25 வயது இளைஞனுக்கு 1.1 என்று வந்தால் அவன் சிறுநீரகம் ஏறத்தாழ 95 என்ற அளவில் நன்றாக வேலை செய்கிறது. அதே 1.1 ஒரு 70 வயது ஆச்சிக்கு வந்தால், இப்போதைய கணக்கீட்டின்படி அவர் அளவு 54 அளவில்தான் நிற்கும். எண் ஒன்றுதான், சேதி வேறு. ஆகவே கிரியாட்டினினோடு ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மதிப்பையும் கேளுங்கள். வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துக் கணக்குப் போட்டுத் தருவார்கள். நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் வடிகட்டுகிறது என்பதற்கான மதிப்பீடு அது. 60-க்குக் கீழே போய் மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நின்றால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள். 15-க்குக் கீழே இறங்கினால் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு வரும்.

ஆச்சி என்று சொன்னது சும்மா இல்லை. பல வீடுகளில் நான் பார்ப்பது இது: ஐயாவின் மருத்துவக் கோப்பு தலையணை உயரத்துக்கு இருக்கும். ஆச்சிக்குக் கோப்பே இருக்காது. அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சோதனைக்குக் கூட்டிப் போவது எல்லாம் ஆச்சிதான், தன் கால் வீங்கியிருப்பதை மட்டும் "நின்னுகிட்டே வேலை பாத்தா அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த தடவை சோதனைக்குப் போகும்போது இரண்டு பேர் பெயரிலும் சீட்டு வாங்குங்கள்.

விளம்பரத்தில் வரும் "முழு உடல் பரிசோதனை" பற்றியும் ஒரு வார்த்தை. அறுபது சோதனை, எண்பது சோதனை என்று அடுக்குவார்கள். கிரியாட்டினின் பெரும்பாலும் இருக்கும். சிறுநீர் ஆல்புமின் விகிதம் பல தொகுப்புகளில் இருக்காது. பட்டியலில் எண்பது இருப்பதைப் பார்த்து மயங்காமல், நமக்கு வேண்டிய இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தனியாகச் செய்தாலும் சில நூறு ரூபாய்க் காரியம்தான்.

யாரெல்லாம் பார்க்க வேண்டும்? சர்க்கரை உள்ளவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம். 60 கடந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தவர்கள், அடிக்கடி கல் வந்தவர்கள், வலி மாத்திரை நெடுநாள் போட்டவர்கள், இதய நோயாளிகள். வெயிலில் உழைக்கிற விவசாயத் தொழிலாளர்களையும் சேர்க்க வேண்டும். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத உழவர்களுக்கே இந்த நோய் கூட்டமாக வந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை இல்லையே என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இதற்கு மறுப்புச் சொல்கிறவர்கள் உண்டு. "வயசானா எல்லாம் தேயத்தான் செய்யும். எழுபது வயசுல ஒரு எண்ணைப் பாத்துட்டு, நோயாளின்னு பேர் வாங்கி, ராத்திரி தூக்கம் கெடணுமா?" என்பார் என் நண்பர் ஒருவர். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வயதோடு சிறுநீரகத்தின் வேகம் கொஞ்சம் குறைவது இயற்கைதான். எண்பது வயதுக்காரருக்கு 55 என்று வந்து, சிறுநீரில் புரதமும் இல்லாமல், வருஷா வருஷம் அதே இடத்தில் நின்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்றுதான் மருத்துவர்களும் சொல்வார்கள். ஆனால் அது நிற்கிறதா, சரிகிறதா என்று தெரிய வேண்டுமானால் போன வருஷ எண் கையில் இருக்க வேண்டுமே! பார்க்காமலே நிம்மதியாக இருப்பது, மீட்டரைத் துணி போட்டு மூடிவிட்டு மின்கட்டணம் வராது என்று இருப்பது மாதிரி.

முன்பே தெரிந்து என்ன செய்துவிட முடியும் என்ற கேள்விக்குப் பதில் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புகழ்பெற்ற சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி, பத்ம பூஷண் பெற்றவர். அவர் முன்னின்று நடத்திய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் தொண்ணூறுகளில் சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் ஒரு வேலை தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்கள் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உண்டா என்று எளிய ரசாயனங்களால் சோதித்தார்கள். கோளாறு தெரிந்தவர்களை மருத்துவர் பார்த்து, விலை மலிவான பழைய மருந்துகளையே கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன. 2003-இல் இதைப் பற்றி எழுதியபோது, தலைக்கு ஆண்டுச் செலவு அரை டாலர்கூட ஆகவில்லை. பெரிய இயந்திரம் எதுவும் அங்கே இல்லை. கதவைத் தட்டிக் கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

இன்று தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல காரியம். அப்படி மாத்திரை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீர் ஆல்புமினும் ஈ.ஜி.எஃப்.ஆரும் பார்த்து அட்டையில் எழுதப்பட வேண்டும் என்று நாமே கேட்க வேண்டும். கேட்டால்தான் நடக்கும். அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இயந்திரம் வந்திருப்பது பெரிய உதவிதான். அந்தப் படுக்கைக்குப் போகாமல் ஒருவரைத் தடுப்பது அதைவிடப் பெரிய உதவி.

தடுக்க மருந்தும் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில வகை மாத்திரைகள் புரதக் கசிவையும் குறைக்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சில சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரகம் கெடும் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன என்பது கடந்த சில ஆண்டுகளில் பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. யாருக்கு எது என்பது மருத்துவர் முடிவு. ஆனால் நோய் முற்றுவதற்கு முன் போனால்தான் இவற்றால் முழுப் பயன் கிடைக்கும்.

நம் கையில் உள்ளவை சில. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாதிரி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி நாள்கணக்கில் போடாதீர்கள். அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை இரண்டும் போடுகிறவர் இதையும் சேர்த்தால் ஆபத்து கூடும். வாந்தி, பேதி வந்து உடம்பு வறண்டிருக்கும் நாளில் வழக்கமான மாத்திரைகளில் எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பஸ்பம், லேகியம், பொடி எதையும் யாரோ சொன்னார் என்று சாப்பிட வேண்டாம். முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போனாலும் உங்கள் கிரியாட்டினின் எண்ணை முதலில் சொல்லுங்கள்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது ஆகாது. வாழைத்தண்டுச் சாறு, இளநீர் எல்லாம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஆரோக்கியமானவருக்கு நல்லது, நோய் முற்றியவருக்கு இளநீரின் பொட்டாசியமே இதயத்தைத் தாக்கலாம். தண்ணீரும் அப்படித்தான். நம்மூர் வெயிலுக்குத் தாகத்தை அடக்கக் கூடாது. ஆனால் கால் வீங்கியவர் "கிட்னி சுத்தமாகட்டும்" என்று குடம் குடமாகக் குடித்தால் கெடுதல்தான்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். பென்ஷன்காரர்கள் நாம் எல்லாரும் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதிப் பழகியவர்கள். பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு கட்டம் போடுங்கள். தேதி, ரத்த அழுத்தம், ஈ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீர் ஆல்புமின் விகிதம். ஐயாவுக்கு ஒரு பக்கம், ஆச்சிக்கு ஒரு பக்கம். மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை உலகச் சிறுநீரக தினம். பென்ஷன் பணம் வந்து ஒரு வாரம், பத்து நாள் ஆகியிருக்கும், கையில் காசு இருக்கும். அந்த வாரத்தை இதற்கென்று வைத்துக்கொண்டால் மறக்காது. மூன்று வருஷம் எழுதிவிட்டால் உங்கள் சிறுநீரகம் எந்தத் திசையில் போகிறது என்று மருத்துவருக்கு நீங்களே காட்டலாம்.